மையம் திரும்பிய 2 யூரோ: அச்சுப் பிழையா, கைவேலையா? (இரண்டு உலோகக் காசு சேர்ப்பவர்கள் கொஞ்சம் பாருங்கள்)

தாமிரபரணிக்கரை (சனி, இரவு 9:40)

எல்லோருக்கும் வணக்கம். நாலு வருஷமா இரண்டு உலோகக் காசு மட்டும் சேர்த்துக்கிட்டு வர்றேன். பஹ்ரைன்ல வேலை பார்த்த சித்தப்பா கொண்டுவந்த ஒரு 100 ஃபில்ஸ்தான் ஆரம்பம். வளையம் ஒரு நிறம், நடுவுல வேற நிறம். அதுக்கு முன்னாடி நம்ம 10 ரூபாயைத் தினமும் கையில பிடிச்சிருந்தும் ஒருநாளும் நின்னு பார்த்ததில்லை. இப்போ அறுபத்துச் சொச்சம் காசு இருக்கு.

போன வாரம் ஒரு நாணயக் கண்காட்சியில 3,500 ரூபாய் கொடுத்து ஒரு 2 யூரோ வாங்கினேன். 2 யூரோவோட பொதுப்பக்கத்துல (எல்லா யூரோ நாட்டுக்கும் ஒரே மாதிரி இருக்கிற பக்கம்) ஆறு கோடுகள் மேலேயிருந்து கீழே ஓடும், ஒவ்வொரு கோட்டு முனையிலும் நட்சத்திரம் இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். கோடு வளையத்துல தொடங்கி, மையத்தைக் கடந்து, மறுபடி வளையத்துல முடியும். என் காசுல மையம் கடிகார முள் மாதிரி ஒரு ஐந்து நிமிஷ அளவு திரும்பி நிக்குது. வளையத்துக் கோடு ஒரு இடத்துல, மையத்துக் கோடு வேற இடத்துல. வியாபாரி "மின்ட்லயே (நாணயசாலை) நடந்த பிழை, லட்சத்துல ஒண்ணு" என்றார். ஆசையில வாங்கிட்டேன். ராத்திரி தூக்கம் வரலை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இன்னொரு கேள்வியும் இருக்கு: ஆல்பத்தை நாடு வாரியா அடுக்கறதா, வேற ஏதாவது முறை இருக்கா?

பட்டறை_கோவை (சனி, இரவு 10:25)

தம்பி, விலைக்கு வர்றதுக்கு முன்னாடி இந்தக் காசை எப்படிச் செய்றாங்கன்னு சொல்லிடறேன். பதில் அதுலயே இருக்கு.

வளையமும் மையமும் தனித்தனித் தகட்டுல வெட்டுறது. வளையத்துல நடு ஓட்டையைக் குத்தி எடுத்திடுவாங்க. மையத் தட்டோட விளிம்புல சுத்தி ஒரு காடி (குறுகலான பள்ளம்) போடுவாங்க. இந்த ரெண்டும் எதுவும் அச்சாகாத மொட்டைத் துண்டுகள். பிரஸ்ல மையத்தை வளையத்துக்குள்ள உட்கார வச்சு, மேலும் கீழும் டை (படம் செதுக்கின அச்சு) வந்து ஒரே அடி. அந்த ஒரு அடியிலதான் படம், எழுத்து, மூட்டு எல்லாம் சேர்ந்து விழுது. அழுத்தத்துல வளையத்து உலோகம் வழிஞ்சு காடிக்குள்ள போய்ப் பூட்டிக்கும்.

இதை நான் வாயால மட்டும் சொல்லலை. நம்ம லேத்துல பித்தளையில ஒரு வளையம் கடைஞ்சேன், எஸ்எஸ்ல (துருப்பிடிக்காத எஃகு) ஒரு மையம் கடைஞ்சு விளிம்புல அரை மில்லிக்கும் குறைவா ஒரு காடி போட்டேன். மொட்டைப் பஞ்ச் வச்சு பிரஸ்ல ஒரு அழுத்து. அப்புறம் கட்டை விரலால தள்ளினேன், சுத்தியல் கைப்பிடியால தட்டினேன், அசையலை. நடுவுல அறுத்து, மெருகு போட்டு, லென்ஸ்ல பார்த்தா பித்தளை நாக்கு நீட்டின மாதிரி காடிக்குள்ள போயிருக்கு. அந்த ரெண்டு பாதியும் இன்னைக்கும் என் மேஜை டிராயர்லதான் கிடக்கு.

இப்போ உங்க காசுக்கு வாங்க. கோடு விழறதே மூட்டு பூட்டுற அதே அடியில. அப்புறம் மையத்துக் கோடும் வளையத்துக் கோடும் எப்படி விலகும்? மின்ட்ல இருந்து வெளிய வந்த பிறகு யாரோ மையத்தைத் தள்ளி எடுத்து, திருப்பிப் போட்டு மறுபடி அமுக்கியிருக்காங்க. மனசு கஷ்டப்படும்தான், ஆனா மறைக்கக் கூடாது.

நாஞ்சில்_நாணயம் (சனி, இரவு 11:02)

அண்ணா, ஒரு சந்தேகம். டை சுழற்சிப் பிழைன்னு ஒண்ணு இருக்கே? என்கிட்ட இருக்கிற பழைய இந்தியக் காசு ஒண்ணுல தலைப்பக்கம் நேரா இருந்தா பின்பக்கம் சாய்ஞ்சு நிக்குது. அது உண்மையான பிழைதானே? இதுவும் அந்த வகையா இருக்கலாமே?

பட்டறை_கோவை (சனி, இரவு 11:20)

நல்ல கேள்வி அக்கா. டை சுழன்றா ஒரு பக்கம் முழுசா சுழலும், வளையமும் மையமும் சேர்ந்தே. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவுல கோணம் மாறும். ஒரே பக்கத்துல வளையத்துக்கும் மையத்துக்கும் நடுவுல கோணம் மாறவே மாறாது, ஏன்னா அந்தப் பக்கத்துக்கு டை ஒண்ணுதான்.

இரண்டு உலோகக் காசுல நிஜமான பிழை வேற மாதிரி இருக்கும். மையம் சரியா உட்காராம ஒரு ஓரமா அடி வாங்கினா மையம் நீள்வட்டமாப் பிதுங்கி இருக்கும், ஆனா படம் மட்டும் மூட்டைத் தாண்டி உடையாம ஓடும். மையமே இல்லாம அடிச்சா உள்விளிம்பு டை அழுத்தத்துல உள்நோக்கி வழிஞ்சு உருண்டிருக்கும். பிறகு மையத்தைத் தள்ளி எடுத்த வளையமா இருந்தா உள்சுவர்ல காடியோட தடம் தெரியும். "மையம் இல்லாத 10 ரூபாய்"னு யாராவது நீட்டினா முதல்ல அந்த உள்சுவரைப் பாருங்க.

தாமிரபரணிக்கரை (ஞாயிறு, காலை 7:15)

விடிஞ்சதும் முதல் வேலையா வெர்னியரும் லென்ஸும் எடுத்தேன். கண்டதை அப்படியே எழுதறேன்.

எடை 8.5 கிராம், சரியா இருக்கு. விட்டம் 25.75 மி.மீ., அதுவும் சரி. ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டற சின்னக் காந்தத்தை வச்சுப் பார்த்தேன். மையம் லேசா இழுக்குது, வளையம் இழுக்கலை. யூரோ மையத்துல நிக்கல் அடுக்கு இருக்கிறதால அப்படித்தான் இருக்கணும். ஆக, ரெண்டு துண்டும் அசல். கள்ளக் காசு இல்லை.

ஆனா மூட்டைப் பத்து மடங்கு லென்ஸ்ல பார்த்தா பொதுப்பக்கத்துல ஒரு முடியளவு மையம் மேலே நிக்குது. நகத்தை ஓட்டினா தட்டுது. மத்த 2 யூரோவுல நகம் வழுக்கிட்டுப் போகுது. நாட்டுப் பக்கத்துல மூட்டு ஓரமா மூணு இடத்துல பிறைநிலா வடிவத்துல நசுங்கல் இருக்கு. ஏதோ குழாய் மாதிரி ஒரு கருவியை வச்சு அமுக்கின தடம். பட்டறை அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு.

வியாபாரிக்கு ஃபோன் பண்ணினேன். கண்காட்சியில வித்ததைத் திருப்பி எடுக்க மாட்டாராம். இனி பிழைக்காசுன்னு சொல்லி யாராவது நீட்டினா மூட்டைப் பார்க்காம பர்ஸைத் திறக்க மாட்டேன்.

ரொறன்ரோ_நாணயக்குற்றி (ஞாயிறு, காலை 8:50)

தம்பி, கவலைப்படாதைங்கோ. நான் 1996இல இஞ்ச வந்த புதுசில ரூனி, அதுதான் கனடாவின்ர 2 டொலர்க் குற்றி, வெளியால வந்தது. அந்த வருசம் பெப்ரவரி 19இலதான் 2 டொலர் நோட்டுக்குப் பதிலாக அந்தக் குற்றியைப் புழக்கத்துக்கு விட்டவை. ஒரு பக்கத்தில துருவக் கரடி. வந்த கொஞ்ச நாளிலயே நடுத்துண்டு கழண்டு விழுது எண்டு ஊரெல்லாம் கதை. ஆக்கள் ஃப்றீசருக்குள்ள வைச்சு, சுத்தியலால அடிச்செல்லாம் பார்த்தவை. என்ர சிநேகிதன் ஒருத்தன்ர காற்சட்டைப் பைக்குள்ளயே வளையம் வேற, நடு வேறயாக் கிடந்தது, நான் கண்ணால கண்டனான். அதனால முதல் தொகுதிக் குற்றிகளில நடு கழண்டது எண்டால் அது உண்மையாயும் இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லுற மாதிரித் திரும்பி நிண்டால் அது கைவேலைதான்.

2012இல இருந்து ரூனி மேற்பூச்சுப் பூசின இரும்பில வருது. பழசும் புதுசும் ஒவ்வொண்டு கட்டாயம் வைச்சிருங்கோ. மேசையில போட்டால் சத்தமே வேற.

நாஞ்சில்_நாணயம் (ஞாயிறு, பகல் 12:30)

மூட்டைப் பத்திப் பேச்சு வந்ததால நான் ரொம்ப நாளா எழுத நினைச்சதை எழுதறேன்.

இரண்டு உலோகம் புதுசு இல்லை. இங்கிலாந்துல 1684இலிருந்து 1692 வரைக்கும் ஃபார்த்திங் காசை வெள்ளீயத்துல அடிச்சு நடுவுல ஒரு செப்பு ஆணி பதிச்சாங்க. கள்ளக் காசுக்காரனுக்கு வேலை கஷ்டமாகணும்னுதான். ஆனா வெள்ளீயம் அரிச்சுப் போச்சு. இன்னைக்கு நல்ல நிலையில ஒண்ணு கிடைக்கிறது அபூர்வம். அமெரிக்காவுல 1792இல ஒரு சென்ட் மாதிரிக் காசுல செம்புக்கு நடுவுல வெள்ளித் துண்டு வச்சுப் பார்த்தாங்க. புழக்கத்துக்கு வரலை. இன்னைக்கு வரைக்கும் அமெரிக்கச் சில்லறையில இரண்டு உலோகக் காசு கிடையாது. ஆஸ்திரேலியாவுலயும் இல்லை. நாடு வாரியா அடுக்கினா இந்த மாதிரிக் காலிப் பக்கங்கள் வரும்.

இப்போ நாம சேர்க்கிற இந்த வகைக்குத் தாய்க்காசு இத்தாலியோட 500 லிரா, 1982. வளையம் துருப்பிடிக்காத எஃகு, மையம் அலுமினிய வெண்கலம். அந்த நாணயசாலை கண்டுபிடிச்ச முறையில வந்தது. மதிப்பைப் பிரெய்ல் எழுத்துலயும் பொறிச்ச காசு அது.

நான் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவ. தாய்லாந்து 10 பாட்லயும் மேலே பிரெய்ல் புள்ளிகள் இருக்கு. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கையில 500 லிராவையும் 10 பாட்டையும் கொடுத்தேன். புள்ளியைத் தேடுவான்னு நினைச்சேன். அவ முதல்ல கட்டைவிரல் நுனியை வட்டமா ஓட்டினா. "டீச்சர், இதுக்குள்ள இன்னொரு காசு இருக்கு" என்றா. அவளுக்கு நிறம் ரெண்டுன்னு யாரும் சொல்லலை. மூட்டைத்தான் படிச்சிருக்கா. அப்புறம்தான் புள்ளி. அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் காசு எல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவிப் பார்த்தேன். பத்து வருஷமா சேர்த்ததை அன்னைக்குத்தான் சரியாப் பார்த்த மாதிரி இருந்தது.

சிராங்கூன்_சில்லறை (ஞாயிறு, மாலை 4:10)

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு என் பையிலிருந்த சிங்கப்பூர் 1 வெள்ளிக் காசை (1 டாலர்) நானும் தடவிப் பார்த்தேன். 2013 ஜூன் 25-இல் வெளியான மூன்றாம் வரிசை. வெள்ளை மையம், மஞ்சள் வளையம், சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் உருவம். மறுபக்கம் திருப்பினால் "சிங்கப்பூர்" என்று தமிழ் எழுத்து. தமிழர்கள் ஆல்பத்தில் முதல் பக்கம் அதற்குத்தான் என்பது என் கருத்து. தமிழ் எழுத்தோடு தினம் தினம் கடைகளில் கைமாறும் காசு.

10 பாட் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. அது 26 மி.மீ., 8.5 கிராம், 2 யூரோவும் ஏறக்குறைய அதே அளவு, அதே எடை, நிற அமைப்பும் அதே: வெள்ளை வளையம், மஞ்சள் மையம். ஆனால் மதிப்பில் பல மடங்கு வித்தியாசம். யூரோ 2002-இல் புழக்கத்துக்கு வந்தபோது ஐரோப்பாவில் தானியங்கி இயந்திரங்கள் சில 10 பாட்டை 2 யூரோ என்று எடுத்துக்கொண்டன. "கலவைக் காசு ஒரு கிலோ" என்று வாங்குபவர்கள் 2 யூரோ என்று நினைத்து அள்ளினால் பாதி வாட் அருண் கோபுரமாக (10 பாட்டில் இருக்கும் கோவில்) இருக்கும். பார்த்து எடுங்கள்.

வேலூர்க்கடை (ஞாயிறு, இரவு 8:05)

வெளிநாட்டுக் காசைப் பத்தி இவ்வளவு பேசறீங்க, நம்ம 10 ரூபாயை யாரும் பேசலையே? மளிகைக் கடை வச்சிருக்கேன். எங்க பக்கம் வருஷக்கணக்கா 10 ரூபாய்க் காசுன்னாலே வேணாம்பாங்க. கொடுத்தாலும் வாங்க மாட்டாங்க. பஸ்ல நீட்டினா கண்டக்டர் முறைப்பார். காரணம் ஒரு வதந்தி: மேல 10 கோடு இருந்தா நல்லது, 15 கோடு இருந்தா கள்ளக் காசு.

நிஜம் என்னன்னா 15 கோடு உள்ளது பழைய வடிவம், ரூபாய்க் குறி இல்லாதது. 2011-ல ரூபாய்க் குறி வந்தப்போ கோடு 10 ஆச்சு. ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17-ல அறிக்கையே விட்டது: அதுவரைக்கும் 14 வடிவத்துல வந்திருக்கு, பதினாலும் செல்லும்னு. 14440-னு ஒரு நம்பர் கூட கொடுத்தாங்க, கூப்பிட்டா பதிவு பண்ணின குரல் சொல்லும். அந்த அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்து கல்லாவுக்கு மேல ஒட்டி வச்சேன். அப்படியும் ஒரு பெரியம்மா "உன் கடையில மட்டும் செல்லும்ப்பா"ன்னு அஞ்சு காசைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போனாங்க. அவங்க பயம் எனக்குப் புரியுது. அம்பது ரூபாய் அவங்களுக்கு ஒரு நாள் காய்கறி.

ஆனா அந்த வதந்தியால எனக்கு ஒரு சேகரிப்பு சேர்ந்துச்சு. ஊர்ல யாரும் வாங்காத காசெல்லாம் என் கல்லாவுக்கு வந்தது. ராத்திரி கடை சாத்தினப்புறம் பிரிச்சுப் பார்ப்பேன். 2005-னு வருஷம் போட்ட, நாலு புள்ளியோட சிலுவை மாதிரிக் கோடு போட்டது, ஹோமி பாபா, ரிசர்வ் வங்கி பிளாட்டினம் விழா, நாடாளுமன்றம் 60 வருஷம், வைஷ்ணோ தேவி, கயிறு வாரியம், காந்தி ஆப்பிரிக்காவுல இருந்து திரும்பின நூறாவது வருஷம், அம்பேத்கர், யோகா தினம். வருஷத்துக்குக் கீழ வைரக் குறி இருந்தா மும்பை, நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒண்ணும் இல்லைன்னா கொல்கத்தா. எல்லாமே பத்து ரூபாய்க்குப் பத்து ரூபாய். வெளிநாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம ஊர் பக்கத்தை நிரப்புங்க தம்பி.

தாமிரபரணிக்கரை (ஞாயிறு, இரவு 8:40)

வேலூர் அண்ணே, இந்தப் பட்டியலுக்குக் கும்பிடு. என்கிட்ட இதுல அஞ்சுதான் இருக்கு. 20 ரூபாய் மட்டும் நாலு வருஷத்துது வச்சிருக்கேன். பன்னிரண்டு பக்கம், 8.54 கிராம். 10 ரூபாய்க்கு நேர் எதிர், வளையம் வெள்ளை, மையம் மஞ்சள்.

பட்டறை_கோவை (ஞாயிறு, இரவு 9:30)

சேகரிச்சதைக் காப்பாத்தறதைப் பத்தியும் ஒரு வார்த்தை. ரெண்டு வேற வேற உலோகம் ஒட்டிக்கிட்டு இருக்க, நடுவுல ஈரமும் உப்பும் போனா அது ஒரு குட்டி பேட்டரி. ஒண்ணு இன்னொண்ணைத் தின்னும். அக்கா சொன்ன வெள்ளீய ஃபார்த்திங் மாதிரி. யூரோ வந்த 2002-லயே வியர்வை பட்டா 1, 2 யூரோவுல இருந்து நிக்கல் அளவுக்கு மீறி வெளிய வருதுன்னு ஆய்வு சொல்லிச்சு, அதுக்கும் காரணம் ரெண்டு கலவை பக்கத்துல பக்கத்துல இருக்கிறதுதான்.

அதனால கைவேர்வையோட மூட்டைத் தொடாதீங்க, ஓரத்தைப் பிடிங்க. புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் வேண்டாம். புளித்தண்ணி மூட்டுக்குள்ள போனா வெளிய வராது, ஆறு மாசம் கழிச்சு பச்சைக் கோடாத்தான் வரும். ரொம்பப் பிசுக்கு இருந்தா சுத்தமான அசிட்டோன்ல கொஞ்ச நேரம் போட்டு, தேய்க்காம எடுத்துக் காய விடுங்க. ஜன்னலைத் திறந்து வச்சு, அடுப்புப் பக்கம் போகாம செய்யணும். சுத்தம் பண்ணத் தெரியலைன்னா தொடாம விடறதே மேல். பிவிசி கவர்ல போட்டா பசபசன்னு பச்சை படியும்; மைலார் ஜன்னல் வச்ச அட்டைதான் நல்லது. கடலோர ஊர்க்காரங்க பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க.

நாஞ்சில்_நாணயம் (திங்கள், காலை 6:20)

ஆல்பம் அடுக்கற கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை. நாடு வாரியா வேண்டாம் தம்பி. சலிப்பு வரும், காலிப் பக்கம் பார்த்தே மனசு சோர்ந்திடும். மூட்டு வாரியா அடுக்குங்க.

முதல்ல எளிய இரண்டு துண்டு: 500 லிரா, பிரான்ஸ் 10 ஃபிராங்க், 10 பாட். மூணும் எண்பதுகள். அடுத்த பக்கத்துல மூணு துண்டு: பிரான்சோட 20 ஃபிராங்க், 1992, மோன் சேன் மிஷேல் தீவு மடத்தோட படம் போட்டது. ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு மூட்டு. அடுத்தது வெள்ளி மையம்: மெக்சிகோ தொண்ணூறுகளோட ஆரம்பத்துல வெளியிட்ட 10, 20, 50 புதிய பெசோ. சில்லறைக் காசுல நிஜ வெள்ளி இருந்த கடைசிக் காலத்துக் காசுகள்ல அதுவும் ஒண்ணு. அப்புறம் அடுக்கு மையம்: யூரோ. அதுக்கப்புறம் ஜப்பானோட புது 500 யென், 2021 நவம்பர்ல வந்தது. மையமே அடுக்கு, அதைச் சுத்தி வேற நிறத்துல வளையம், விளிம்புல சாய்வான பல்வெட்டு, அதுலயும் சில இடத்துல பல் இடைவெளி மாறும். கள்ளக் காசுக்காரனுக்கு எத்தனை வேலை பாருங்க.

கதைக்காக ஒரு பக்கம் ஒதுக்குங்க. இத்தாலி 1997-ல 1000 லிரா போட்டப்போ ஐரோப்பா வரைபடத்துல ஜெர்மனியைக் கிழக்கு மேற்குன்னு பிரிச்சே காட்டிட்டாங்க. ஒண்ணாகி ஏழு வருஷம் ஆயிருந்தது. அதே வருஷம் திருத்தி மறுபடி அடிச்சாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா யாருக்குக் காட்டினாலும் கண் விரியும். விலையும் அதிகமில்லை. பிரிட்டனோட பழைய 2 பவுண்டுல பல்சக்கரம் 19, சுத்தி மாட்டினா ஒத்தைப்படை எண்ணிக்கையில சக்கரம் சுழலவே சுழலாது. அதை எண்ணிப் பார்க்கிறதே பிள்ளைங்களுக்கு ஒரு பாடம்.

சிராங்கூன்_சில்லறை (திங்கள், காலை 9:15)

2 பவுண்டு என்றதும் நினைவுக்கு வருகிறது: 1997 தேதியிட்டதில் ராணி கழுத்தில் மாலை இருந்தால் பெரிய விலை என்று வாட்ஸாப்பில் சுற்றும். அந்த வருடக் காசு 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேல் அடிக்கப்பட்டது. அபூர்வம் இல்லை, முகவிலைக்கே கிடைக்கும். நிஜமாகவே அபூர்வம் என்றால் மொனாக்கோ 2007-இல் மறைந்த இளவரசி கிரேஸ் கெல்லிக்காக வெளியிட்ட 2 யூரோ, அடித்ததே 20,001. ரஷ்யாவின் 2010 வருட 10 ரூபிள்களில் செச்சென்யா, யமால்-நேனெத்ஸ் பகுதிகளுக்கான இரண்டும் தலா ஒரு லட்சம்தான். அவற்றைத் தெரியாத வியாபாரியிடம் ஒருபோதும் வாங்காதீர்கள். 3,500 ரூபாய் பாடம் போதும்.

தாமிரபரணிக்கரை (திங்கள், இரவு 10:00)

அக்கா சொன்ன மாதிரி இன்னைக்கு எல்லாத்தையும் ஆல்பத்துல இருந்து உருவி, மேஜையில வெள்ளைத் துணி விரிச்சு, மூட்டு வாரியா அடுக்கிட்டேன். அறுபத்திமூணு காசு. நகத்தை ஒவ்வொண்ணா ஓட்டிப் பார்த்ததுல இன்னொண்ணும் மாட்டிச்சு: ரெண்டு வருஷம் முன்னாடி வாங்கின ஒரு ரூனி. திரும்பலை, ஆனா மையம் முடியளவு உள்ளே போயிருக்கு. 1996 தேதி. ரொறன்ரோ அண்ணா, இது அந்த முதல் தொகுதிக் கழண்டதா, இல்லை யாரோ அடிச்சதான்னு எப்படிப் பிரிக்கறது?

திரும்பின 2 யூரோவை விக்கப் போறதில்லை. அடுத்தவங்க தலையில கட்ட மனசு வரலை. அட்டையில "மின்ட்டுக்கு வெளியே திருப்பப்பட்டது"ன்னு எழுதி முதல் பக்கத்துலயே வச்சுட்டேன்.

ரொறன்ரோ_நாணயக்குற்றி (செவ்வாய், காலை 7:30)

சுத்தியல் பட்டிருந்தால் கரடிப் பக்கமோ ராணிப் பக்கமோ ஒரு தட்டையான மினுக்கம் இருக்கும். அப்பிடி ஒண்டும் இல்லாட்டில் தானாய் அசைஞ்சதாய் இருக்கலாம். ரெண்டு பக்கமும் சாய்வெளிச்சத்தில படம் எடுத்துப் போடுங்கோ, பார்த்துச் சொல்லுறன்.

பட்டறை_கோவை (செவ்வாய், காலை 8:10)

தம்பி, அந்த யூரோவை முதல் பக்கத்துல வச்சது நல்லது. அதுக்குப் பக்கத்துல ஒரு ஜன்னல் காலியா விடுங்க. டிராயர்ல கிடக்கிற நான் அறுத்த ரெண்டு பாதியில ஒண்ணை அனுப்பறேன். காடிக்குள்ள பித்தளை போயிருக்கிறது வெறும் கண்ணுக்கே தெரியும். இன்னொரு பாதி நாஞ்சில் அக்கா வகுப்புப் பிள்ளைங்களுக்கு, கூர் எல்லாம் அரம் போட்டு மழுக்கிட்டேன், விரல்ல கிழிக்காது. ரெண்டு பேரும் முகவரியைத் தனிமடல்ல போடுங்க.